ஹென்றி பிரிக்ஸ்

பேரெண்களைப் பெருக்குவதும் வகுப்பதும் முன்னாளில் பெருந்தொல்லையாய் இருந்தன. விண்மீன்களின் நிலையைக் கணித்த வானநூலாரும், கடலில் கலஞ்செலுத்திய மாலுமிகளும் இதனால் மிகவும் இடர்ப்பட்டனர். அத்தொல்லையை நீக்க ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஜான் நேப்பியர் மடக்கை முறையைக் கண்டு, 1614-இல் நூலாக வெளியிட்டார். பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றித் தருவது மடக்கை. அதனை யாவரும் எளிதில் பயன்படுத்தும் வண்ணம் அட்டவணையாக்கித் தந்தவர் ஹென்றி பிரிக்ஸ் ஆவார்.

பிரிக்ஸ் இங்கிலாந்தில், யார்க்ஷயரைச் சேர்ந்த ஹாலிபாக்ஸ் நகருக்கு அருகில் 1561-இல் பிறந்தார்; கேம்பிரிட்ஜில் பயின்றார்; 1596-இல் லண்டன் கிரஷாம் கல்லூரியின் முதல் வடிவகணிதப் பேராசிரியர் ஆனார். நேப்பியரின் நூல் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1615-ஆம் ஆண்டுக் கோடையில் நெடுவழி கடந்து எடின்பரோ சென்று, அவரைக் கண்டு அளவளாவினார். 10-இன் மடக்கை 1, 100-இன் மடக்கை 2 என அமையுமாறு பத்தை அடிமானமாகக் கொள்வதே நலம் என இருவரும் உடன்பட்டனர். 1617-இல் நேப்பியர் மறைந்தார். புதிய அட்டவணையைக் கணிக்கும் சுமை பிரிக்ஸின் தோள்மேல் விழுந்தது.

அவர் பத்தின் வர்க்கமூலத்தைக் கண்டார். பின் அவ்விடையின் வர்க்கமூலத்தைக் கண்டார். இவ்வாறே 54 முறை, முப்பதுக்கும் மேற்பட்ட தசம இடங்கள் வரை, கையாலேயே கணித்தார். அதன் துணையால் அடிப்படையான சில மடக்கைகளைப் பெற்றார். ஆனால் பல்லாயிரம் எண்களுக்கும் இங்ஙனம் தனித்தனியே கணிக்க ஒருவர் வாழ்நாள் போதுமோ? சில மதிப்புகளை நேரே கணித்து, இடைப்பட்டவற்றை அவற்றினின்றும் பெறுதலே வழி. இதனை இடைச்செருகல் என்பர். எம்முறையால் செருகுவது என்பதே அவர்முன் நின்ற வினா.

இரு மதிப்புகளின் சராசரியை நடுவில் வைப்பது மிக எளிய முறை. 50, 60 ஆகியவற்றின் மடக்கைகளுக்குச் சராசரி 1.738561, ஆனால் 55-இன் உண்மையான மடக்கை 1.740363. பிழை மூன்றாம் தசம இடத்திலேயே தோன்றிவிடுகிறது. 5000, 5010 ஆகியவற்றின் நடுவிலோ, அதே முறை ஆறு இடங்கள் வரை சரியான விடை தருகிறது. எனினும் பதினான்கு இடங்களை நாடிய பிரிக்ஸுக்கு அதுவும் போதவில்லை.

ஆதலின் அவர் வேறுபாட்டு முறையைத் தேர்ந்தார். 1, 4, 9, 16 என்னும் வர்க்கங்களின் வேறுபாடுகள் 3, 5, 7. அவ்வேறுபாடுகளின் வேறுபாடோ எப்பொழுதும் 2. மடக்கைகளிலும் வேறுபாடுகளின் வேறுபாடுகளை மேன்மேலும் எடுத்தால் அவை விரைந்து சிறுத்துப் புறக்கணிக்கத்தக்கனவாகும். அவற்றைத் தக்கவாறு திருத்தி, அடுத்தடுத்த இரு மதிப்புகளிடையே நான்கினைச் செருகி, இடைவெளியை ஐந்தாகப் பகுத்தார். கடும்பெருக்கல்கள் மறைந்து, பெரும்பாலும் கூட்டலே எஞ்சியது. கூட்டிச் செல்லும்போது, முன்னரே அறிந்த அடுத்த மதிப்பை வந்தடையாவிடில் பிழை உடனே வெளிப்படும்.

1619-இல் அவர் ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானார். 1624-இல் வெளியான அவரது பெருநூல், 1 முதல் 20,000 வரையும், 90,000 முதல் 1,00,000 வரையும் உள்ள எண்களின் மடக்கைகளைப் பதினான்கு தசம இடங்களோடு தந்தது. அப்பொழுது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. நடுவே ஏறத்தாழ 70,000 எண்கள் எஞ்சின. அவ்விடத்தை 1628-இல் ஹாலந்து நாட்டு அட்ரியான் விளாக் நிரப்பினார். ஆயினும் அவர் பத்துத் தசம இடங்களோடு அமைந்தார். பிரிக்ஸ் கணித்த திரிகோணகணித அட்டவணைகள், அவர் மறைந்தபின் 1633-இல் வெளிவந்தன.

பின்னாளில் ஜேம்ஸ் கிரகரி, நியூட்டன் முதலியோர் இடைச்செருகலுக்குப் பொது வாய்பாடுகளை வகுத்தனர். மடக்கை அட்டவணைகள் செய்த பணியை இன்று கணிப்பொறிகள் செய்கின்றன. எனினும் எத்தனை மதிப்புகளை நேரே கணிப்பது, எஞ்சியவற்றை எம்முறையால் பெறுவது, எவ்வளவு நுட்பம் வேண்டுவது என்னும் வினாக்கள் கணிப்பொறிக்கும் உண்டு. பெரும்பணியில் இறங்குவோர்க்கு உழைப்பு மட்டும் போதாது. அவ்வுழைப்புக்கு ஏற்ற முறையைத் தேரும் அறிவும் வேண்டும் என்பதைப் பிரிக்ஸின் வாழ்வு உணர்த்துகின்றது.