வலியைப் போற்றிய மருத்துவர்

தாமிரபரணிப் படித்துறைக்கு வெறுங்காலுடன் செல்கையில் முள் தைத்தால், நாம் ‘ஐயோ’ என்பதற்கு முன்பே கால் பின்வாங்கி விடுகிறது. அந்த ஆணையை இடுவது மூளையன்று, தண்டுவடம். செய்தி பின்னரே மூளையைச் சேர்கிறது. மூளை அவ்வலியைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். ஆட்ட மும்முரத்தில் பட்ட காயம் வீடு திரும்பிய பின் வலிப்பது இதனால்தான். விலங்குகளுக்கும் இவ்வாறே.

வலியே இல்லாதிருந்தால் நலம் என எண்ணுகிறோம். அது தவறென்று காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட்.

அவர் 1914-ஆம் ஆண்டு கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தார். லண்டனில் மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று அந்நாளில் பலரும் நம்பினர். ஒருநாள் துருப்பிடித்த பூட்டொன்றை அவரால் திறக்க இயலவில்லை. நோயுற்ற சிறுவன் ஒருவன் எளிதில் திறந்துவிட்டான். அவன் விரலோ எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவன் அதை உணரவேயில்லை. நரம்பு மரத்ததால் தண்டுவடத்துக்குச் செய்தியே போகவில்லை. இரவில் எலி கடித்தும் விழிக்காத நோயாளருக்குப் பூனைகளை வளர்க்கக் கொடுத்தார். மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். 1966-இல் அமெரிக்கா சென்றபின், வலிக்குப் பதிலாக ஒலியெழுப்பும் கையுறையைச் செய்து பார்த்தார். அணிந்தோர் அவ்வொலியைப் பொருட்படுத்தவில்லை! வலி இறைவனின் கொடை என்றே நம்பிய அவர் 2003-இல் மறைந்தார்.

தோழியரே, உணர்ச்சியற்ற தேமலைக் கண்டால் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுவோம். தொழுநோய் இன்று மருந்தால் குணமாகும். முள் தைத்தால் முகம் சுளிக்காமல் நன்றி கூறுவோம்.