தகப்பனிடம் திரும்பி வந்த ரொபேர்ட் நொக்ஸ்

மூதூரில் வெள்ளைக்காரன் மரம் நின்ற இடத்தில் 1893இல் நாட்டப்பட்ட ஒரு கல் உண்டு. கப்டன் ரொபேர்ட் நொக்ஸ் இங்கே பிடிபட்டார், கண்டி அரசனிடம் 19 ஆண்டுகள் சிறையிருந்தார் என்ற பொருளில் அதில் பொறித்திருக்கிறார்கள். அது சரியல்ல. பிடிபட்ட கப்டன் தகப்பன். 19 ஆண்டுகள் இருந்தவர் மகன். இருவருக்கும் ஒரே பெயர்.

கண்டியில் வளர்ந்த எனக்குப் பாடசாலை நாட்களில் நொக்ஸ் என்றால், இரண்டாம் இராஜசிங்கன் காலத்து இலங்கையைப் பற்றிப் புத்தகம் எழுதிய வெள்ளைக்காரர், அவ்வளவுதான். 1681இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தைப் பின்னாளில் வாசித்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது அரசனின் கதை அல்ல.

புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற கப்பல், அதைத் திருத்துவதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660 ஏப்ரலில் கப்டனையும் மகனையும் அரசனின் ஆட்கள் பிடித்தார்கள். கப்பலுக்குச் செய்தி சொல்லிவர மகனை அனுப்பினார்கள். தன்னை இந்த நிலையில் விட்டுப் போகாமல் திரும்பி வரவேண்டும் என்று தகப்பன் ஆணையிட்டிருந்தார். மகனுக்கு அப்போது 19 வயது. கப்பலில் ஏறியபின் அவரை யாராலும் பிடித்திருக்க முடியாது. செய்தியைச் சொல்லிவிட்டுக் கரைக்குத் திரும்பினார்.

பிடிபட்டவர்கள் 16 பேர். தகப்பனையும் மகனையும் மற்றவர்களிடமிருந்து பிரித்து, பண்டார கொஸ்வத்த என்ற கிராமத்தில் வைத்தார்கள். சோறு ஊரவர்கள் கொடுத்தார்கள். அங்கே தகப்பனுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மூன்று மாதங்களுக்கு மேல் வெறும் நிலத்தில் பாயில் கிடந்தார். மகனுக்கும் காய்ச்சல். ஒரு நோயாளியை இன்னொரு நோயாளி பார்த்தார். படுக்கையில் கிடந்த தாய் தகப்பனைச் சுமந்துகொண்டு வட்டுவாகலைக் கடந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

1661 பெப்ரவரியில் தகப்பன் இறந்தார். தம்பியையும் தங்கையையும் பார்த்துக்கொள் என்பது கடைசியில் சொன்னவற்றில் ஒன்று. உடலைத் தூக்க ஆள் வேண்டும் என்று, பரங்கிப்பேட்டையிலிருந்து கப்டன் கூட்டிவந்திருந்த வேலைக்காரச் சிறுவனை நொக்ஸ் ஊருக்குள் அனுப்பினார். (அந்தச் சிறுவன் தமிழனாக இருக்கலாம் என்பது என் ஊகம்.) மாடு கட்டும் கயிறு ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள், கழுத்தில் கட்டிக் காட்டுக்குள் இழுத்துப் போகலாம் என்று. நொக்ஸ் கூலிக்கு ஓர் ஆளைப் பிடித்து, தகப்பனைத் துணியில் சுற்றி அடக்கம் செய்தார்.

பிறகு தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தார். பேராதனைக்கு அப்பால், உடுநுவரவில் உள்ள எலதெத்தவில் காணி வாங்கி வீடு கட்டினார். கூட இருந்த ஆங்கிலேயர் சிலர் சிங்களப் பெண்களை மணந்து குடும்பமானார்கள். நொக்ஸ் மணக்கவில்லை, மணந்தால் தப்பியோட மனம் வராது என்று பயந்திருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் ஓர் ஆங்கிலேயருக்குப் பிறந்த லூசியா என்ற பெண்பிள்ளையைச் சிறு வயதிலிருந்து வளர்த்தார்.

1679இல், இன்னொரு கைதியான ஸ்டீபன் ரட்லண்டுடன், வியாபாரிபோல அனுராதபுரம் வரை போய், மல்வத்து ஓயாவை ஒட்டிக் காட்டுவழியே நடந்து, மன்னார் அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். லூசியாவைக் கூட்டிப்போகவில்லை.

இங்கிலாந்தில் 1720 வரை வாழ்ந்தார். கடைசிவரை மணம் முடிக்கவில்லை. ஊர் சேர்ந்த பிறகு, இங்கே தங்கிவிட்ட தோழர்களுக்குக் கடிதம் எழுதினார். எலதெத்த காணியை லூசியாவுக்குக் கொடுக்கும்படி அதில் கேட்டிருந்தார்.