குடிசைக்குச் சட்டம் தந்த தேவராஜ் அர்ஸ்

சிவாஜிநகரில் இருந்து மில்லர்ஸ் ரோடு பக்கம் போகிறவர்கள் தேவராஜ் அர்ஸ் பவனைப் பார்த்து இருப்பார்கள். பிற்பட்ட வகுப்பினர் நலத்துறை அலுவலகம் அங்கே இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவர் குடிசைவாசிகளுக்கும் வேண்டியவர் என்பது பலருக்கு மறந்து போய்விட்டது.

மைசூர் மாவட்டம் உன்சூர் தாலுகா கல்லஹள்ளியில் 1915-ம் ஆண்டு ஆகஸ்டு 20-ந்தேதி அர்ஸ் பிறந்தார். அரச குடும்பத்துக்கு உறவான வகுப்பு. ஆனால் எண்ணிக்கையில் மிகச் சிறியது. பெங்களூர் சென்டிரல் காலேஜில் பி.எஸ்சி. படித்தவர், உத்தியோகம் தேடாமல் ஊருக்குத் திரும்பி விவசாயம் பார்த்தார். 1941-ல் பிரஜா பிரதிநிதி சபை, 1952-ல் சட்டசபை, 1972 மார்ச்சில் முதல்-மந்திரி பதவி.

ஜாதி பலம் இல்லாத அவர், ஏழைகளையே தன் பலமாக ஆக்கிக்கொண்டார். உழுதவனுக்கு நிலம் கொடுத்தது எல்லோருக்கும் தெரியும். நகரத்து ஏழைக்குச் செய்ததை யாரும் அதிகம் பேசுவது இல்லை.

1973-ல் வந்தது குடிசைப் பகுதிச் சட்டம். 1975-ல் வாரியம் அமைந்தது. அதற்கு முன்பு 1958-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. ஆனால் அந்த வேலைக்கென்று தனி வாரியம் இல்லை.

புதிய சட்டப்படி ஓர் இடம் குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்டால் தண்ணீர்க் குழாய், சாக்கடை, கழிப்பிடம், விளக்கு எல்லாம் வரவேண்டும். அனுமதி இல்லாமல் நிலத்துக்காரர் யாரையும் காலி செய்ய முடியாது. தேவைப்பட்டால் அந்த நிலத்தை சர்க்காரே எடுத்துக்கொள்ளலாம். குடியிருப்பவன் பேசுவது கன்னடமா, தமிழா, உருதுவா என்று சட்டம் கேட்கவில்லை. பிழைக்க வந்த நம்மவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம்!

ஆனால் மனையின் விலையைச் சட்டத்தால் பிடித்து வைக்க முடியவில்லை. ரசல் மார்க்கெட்டில் விடியற்காலையில் மூட்டை இறக்குகிறவனுக்கு ஊர்க்கோடியில் வீடு கொடுத்தால், முதல் பஸ் வருவதற்குள் அன்றைய கூலி போய்விடும். கிடைத்த வீட்டை விற்றுவிட்டுப் பழைய சந்துக்கே திரும்புகிறவனைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

அர்ஸ் மீதும் புகார்கள் உண்டு. 1977-ல் மத்திய ஜனதா அரசு குரோவர் கமிஷனை வைத்து விசாரித்தது. 1979-ல் இந்திரா காந்தியுடன் பிரிவு. 1980 ஜனவரியில் பதவி போயிற்று. 1982 ஜூன் 6-ந்தேதி பெங்களூரில் காலமானார்.

வாரியத்தின் பெயர் பிறகு மாறியது. சட்டம் மாறவில்லை. குடிசைப் பகுதிக்குக் குழாய் வேண்டும் என்று மனு கொண்டுபோனால், அது 1973-ம் ஆண்டுச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட இடமா என்றுதான் இன்றும் முதலில் பார்க்கிறார்கள்.