உழவர் துயரை உலகறியச் செய்தவர்

காஜுலு இலட்சுமிநரசு செட்டியார் 1806ஆம் ஆண்டு சென்னையில், தெலுங்கு வணிகக் குடும்பமொன்றில் பிறந்தார். 1844இல் ‘கிரசென்ட்’ என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார்.

நாயுடுபேட்டைப் பகுதியும் அன்று சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்தது. அம்மாகாணத்தில் நிலவரி செலுத்த இயலாத உழவர்களை வரி தண்டுவோர் கிட்டியால் விரல் நெரித்தும், குனியவைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தியும் வதைத்தனர். இலட்சுமிநரசு எழுதியதோடு அமையவில்லை. 1853இல் சென்னைக்கு வந்த ஆங்கிலப் பாராளுமன்ற உறுப்பினர் டேன்பி சீமோரை ஊர்களுக்கு அழைத்துச் சென்று, துன்புற்றோரை நேரில் காணச் செய்தார். சீமோர் இலண்டனில் இதனை எடுத்துரைத்தார். 1854இல் விசாரணைக் குழு அமைந்தது. 1855இல் அதன் அறிக்கை, கொடுமை நிகழ்ந்தது உண்மையே என உறுதிசெய்தது.

தம் செல்வத்தைப் பொதுநலனுக்கே செலவிட்ட அவர் 1868இல் மறைந்தார்.

வினா: இலட்சுமிநரசு உண்மையை எவ்வாறு வெளிக்கொணர்ந்தார்?