விளக்கெண்ணெயில் பிறந்த பெயர்: சார்லஸ் வேக்ஃபீல்ட்

பள்ளி விடுமுறையில் பாட்டி மூக்கைப் பிடித்துக்கொண்டு விளக்கெண்ணெய் புகட்டிய நினைவு நம்மில் பலருக்கு இருக்கும். நம் வயிற்றைச் சுத்தம் செய்த அதே ஆமணக்கு எண்ணெயை மகிழுந்துக்கும் விமானத்துக்கும் கொடுத்துப் பெருஞ்செல்வர் ஆனவர் சார்லஸ் சீயர்ஸ் வேக்ஃபீல்ட். காஸ்ட்ரோல் என்ற பெயரைக் கேள்விப்படாத மோட்டார் சைக்கிள்காரர் நம்மிடையே அரிது. ஆனால், அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

வேக்ஃபீல்ட் 1859 டிசம்பர் 12 அன்று லிவர்பூலில் ஒரு சுங்க அதிகாரியின் மகனாகப் பிறந்தார். எண்ணெய்த் தொழிலை அவர் கற்றது வேக்குவம் ஆயில் என்ற அமெரிக்க நிறுவனத்தில். 1899-இல், நாற்பது வயதை நெருங்கும் வேளையில், அந்த வேலையை விட்டுவிட்டு லண்டன் சீப்சைடில் தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். பழைய நிறுவனத்திலிருந்து எட்டுப் பேர் அவரை நம்பிக் கூடவே வந்தார்கள். முதலில் விற்றது இரயில்களுக்கும் கனரக இயந்திரங்களுக்குமான உயவு எண்ணெய்.

பெட்ரோல் இயந்திரம் வந்ததும் நிலைமை மாறியது. அதற்கான எண்ணெய், குளிரில் இறுகாமல் ஓட வேண்டும். சூட்டில் நீர்த்துப் போகாமல் நிற்கவும் வேண்டும். வேக்ஃபீல்டின் ஆட்கள் எண்ணெயில் அளவாக ஆமணக்கு எண்ணெயைச் சேர்த்துப் பார்த்தார்கள். 1909-இல் காஸ்ட்ரோல் பிறந்தது. ஆமணக்கு எண்ணெயின் ஆங்கிலப் பெயரான காஸ்டர் ஆயிலே இப்பெயருக்கு மூலம்.

இதில் வேதியியலும் உண்டு. ஆமணக்கு எண்ணெய் எஸ்டர் வகையைச் சேர்ந்தது. அதன் மூலக்கூறுகள் உலோகத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால், முதல் உலகப் போர் விமானங்களின் சுழல் இயந்திரங்களுக்கு அதுவே ஏற்றதாக இருந்தது. குறையும் இருந்தது: சூட்டில் நாளடைவில் பிசினாகி இயந்திரத்துக்குள் படிந்துவிடும். பிற்காலத்தில் ஆய்வுக்கூடங்கள் இக்குறையைப் பெருமளவு நீக்கிச் செயற்கை எஸ்டர்களை உருவாக்கின. இன்றைய விலையுயர்ந்த சிந்தடிக் எண்ணெய்கள் சிலவற்றில் அவையும் கலந்திருக்கின்றன.

சரக்கு நல்லது என்பது மட்டும் போதுமா? எண்ணெயின் தரம் கண்ணுக்குத் தெரியாது. கலத்தைத் திறந்து பார்த்தாலும் மலிவானதும் உயர்ந்ததும் ஒன்றுபோலவே இருக்கும். வாங்குபவர் நம்பித்தான் வாங்க வேண்டும். அந்த நம்பிக்கையை வேக்ஃபீல்ட் வானிலும் நீரிலும் தரையிலும் தேடினார். சாதனை முயற்சிகளுக்குப் பணம் கொடுப்பார். வென்றதும், அவ்வெற்றி காஸ்ட்ரோலைக் கொண்டு கிட்டியது என்று விளம்பரம் வரும்.

ஏமி ஜான்சன் என்ற இளம்பெண் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறக்க விரும்பியபோது, 600 பவுன் விலையுள்ள விமானத்துக்குப் பாதிப் பணத்தை அவர் தந்தையும் மறுபாதியை வேக்ஃபீல்டும் கொடுத்தார்கள். 1930 மே 5-இல் புறப்பட்ட ஏமி, வழியில் சிங்கப்பூரிலும் இறங்கி, மே 24-இல் டார்வின் சேர்ந்தார். மூன்று வாரங்கூட ஆகவில்லை, ஜூன் 13-இல் விண்டர்மியர் ஏரியில் வேக்ஃபீல்டுக்குச் சொந்தமான மிஸ் இங்கிலாந்து 2 படகைச் செலுத்திய ஹென்றி சீகிரேவ், நீர்வேகச் சாதனையை முறியடித்த அதே நாளில் படகு கவிழ்ந்து இறந்தார். உடன் சென்ற பொறியாளரும் பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டே அதே படகு, வேறு ஓட்டுநருடன் மீண்டும் சாதனைக்கு இறங்கியது. இதைத் துணிவு என்பதா, வணிகம் என்பதா? எனக்கு இரண்டுமாகவே தோன்றுகிறது.

பதவிகளும் பட்டங்களும் குறைவில்லை. 1915-16-இல் லண்டன் மாநகரத் தலைவர், 1930-இல் பிரபு, 1934-இல் வைகவுண்ட். ஈட்டியதை அறப்பணிகளுக்கும் தாராளமாகக் கொடுத்தார். 1941 ஜனவரி 5-இல் ஏமி ஜான்சன் தேம்ஸ் முகத்துவாரத்தில் விழுந்து மறைந்தார். பத்தே நாளில், 81 வயதில், வேக்ஃபீல்டும் மறைந்தார்.

அவர் விட்டு வந்த வேக்குவம் ஆயில் பின்னாளில் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து மொபில் ஆனது. 1970-களில் மொபில் 1 என்ற சிந்தடிக் எண்ணெயைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சிறு மூலக்கூறுகளைக் கோத்து உருவாக்கும் பிஏஓ அதன் அடிப்படை எண்ணெய். காஸ்ட்ரோலோ 1990-களின் பிற்பகுதியில், அமெரிக்காவில் விற்ற தன் சிந்தடிக் எண்ணெயில் பிஏஓ-வை விட்டுவிட்டு, கச்சா எண்ணெயை ஹைட்ரஜனால் ஆழமாகச் சுத்திகரித்துப் பெறும், அடக்கவிலை குறைந்த அடிப்படை எண்ணெய்க்கு மாறியது. கலத்தின் மேல் சிந்தடிக் என்ற சொல் மட்டும் மாறவில்லை. மொபில் முறையிட்டது. விளம்பரங்களை ஆராயும் அமெரிக்க அமைப்பு 1999-இல் காஸ்ட்ரோல் பக்கம் தீர்ப்புக் கூறியது. வேக்ஃபீல்ட் ஒன்றை விட்டு மற்றொன்றைத் தொடங்கிச் சரியாக 100 ஆண்டுகள்!

அதன் பிறகு பல நாடுகளில் இரண்டு வகையும் சிந்தடிக் என்றே விற்கப்படுகின்றன. நம் ஊர்ப் பட்டறையில் மின்யாக் ஹித்தாம் மாற்றும்போது ஃபுல்லி சிந்தடிக் கேட்டு வாங்குகிறோமே, அது எந்த வகை என்று கலத்தின் முகப்பில் பெரும்பாலும் எழுதியிருப்பதில்லை.