தாமஸ் பெயின்பிரிட்ஜ் பிளெட்சர்

தாமஸ் பெயின்பிரிட்ஜ் பிளெட்சர் (மார்ச் 25, 1878 – ஏப்ரல் 30, 1950) ஓர் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஆவார். பிரித்தானியக் கடற்படையில் கணக்கு அலுவலராகப் பணியாற்றிய இவர், பின்னர் மெட்ராஸ் மாகாண அரசின் பூச்சியியலாளராகவும், அதன்பின் 1932 வரை பூசா வேளாண் ஆய்வு நிலையத்தில் இந்தியாவின் பேரரசுப் பூச்சியியலாளராகவும் விளங்கினார். தென்னிந்தியப் பயிர்களைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றி இவர் எழுதி 1914 இல் வெளியான நூல், தமிழகத்தில் வேளாண்மை பயிலும் மாணவர்கள் பூச்சியியலின் வரலாற்றைப் படிக்கும்போது இன்றும் எதிர்கொள்ளும் பெயர்களுள் ஒன்றாகும்.

கடற்படையிலிருந்து பூச்சியியலுக்கு

பிளெட்சர் பூச்சியியலை முறையாகக் கற்றுப் பட்டம் பெற்று இத்துறைக்கு வந்தவரல்லர். கப்பல் நின்ற துறைமுகங்களிலெல்லாம் கரையிறங்கி அந்துப்பூச்சிகளைச் சேகரித்த ஆர்வலர் அவர். குறிப்பாக, உருவில் மிகச் சிறிய நுண் அந்துப்பூச்சிகளே இவரைக் கவர்ந்தன. 1905 இல் ஸ்டான்லி கார்டினர் தலைமையில் இந்தியப் பெருங்கடல் தீவுகளை ஆராய்வதற்காகச் 'சீலார்க்' என்னும் கடற்படைக் கப்பல் கொழும்பிலிருந்து புறப்பட்டது. அப்பயணத்தில் பங்குகொண்ட பிளெட்சர், சாகோஸ், செஷெல்ஸ் முதலிய தீவுகளின் அந்துப்பூச்சிகளைத் தொகுத்தார். பெருநிலத்திலிருந்து நெடுந்தொலைவில் உள்ள தீவுகளுக்குப் பூச்சிகள் எவ்வாறு சென்று சேர்கின்றன என்னும் வினாவையும் அவ்வாய்வில் எழுப்பினார். காற்றும் கப்பலும் பூச்சிகளைச் சுமந்து செல்கின்றன என்பதைக் கடலிலேயே கண்டறிந்த ஒருவர், பிற்காலத்தில் துறைமுகங்களில் பூச்சிகளைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்த ஆண்டுகளில் அத்துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தது பொருத்தமானதே.

1909 இல் இலங்கையின் இறகு அந்துப்பூச்சிகளைப் பற்றிய இவரது ஆய்வு வெளிவந்தது. சில ஆண்டுகளுக்குள் இவர் இந்திய வேளாண் பணிக்கு வந்து சேர்ந்தார். 1914 ஆம் ஆண்டு நூலின் தலைப்புப் பக்கத்திலும் தம் பெயருக்குப் பின் கடற்படைக்குரிய எழுத்துகளை விடாமல் இட்டுக்கொண்டார்.

அக்காலத்தில் பயிர்ப் பூச்சியியல்

இந்திய அரசு பயிர்ப் பூச்சிகளுக்கென ஓர் அறிஞரை 1903 இல் நியமித்தது. அவர் ஹெரால்டு மேக்ஸ்வெல் லெப்ராய். அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் அளித்த நன்கொடையைக் கொண்டு பீகாரில் உள்ள பூசாவில் 1905 இல் நிறுவப்பட்ட ஆய்வு நிலையத்தில் லெப்ராய் பணியைத் தொடர்ந்தார். இவரே 1906 இல் இந்தியத் தீங்குப் பூச்சிகளைப் பற்றிய முதல் கையேட்டையும், 1909 இல் இந்தியப் பூச்சிகளைப் பற்றிய பெருநூலையும் எழுதியவர். 1912 இல் இலண்டன் சென்று பேராசிரியரானார். ஈக்களைக் கொல்லும் நச்சு வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது அவ்வாயுவே தாக்கி 1925 அக்டோபரில் இறந்தார். பிளெட்சர் அமர்ந்தது இவர் விட்டுச்சென்ற இருக்கையில்தான்.

டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லித் தன்மை 1939 இல்தான் கண்டறியப்பட்டது. எனவே பிளெட்சரின் பணிக்காலம் முழுவதும் செயற்கைக் கரிமப் பூச்சிக்கொல்லிகள் பரவலாவதற்கு முற்பட்டதாகும். ஈய ஆர்சனேட், கச்சா எண்ணெய்க் குழம்பு, புகையிலைச் சாறு, மீன் எண்ணெய்ச் சோப்பு ஆகியவையே அன்று கிடைத்த மருந்துகள். இவற்றையும் தெளிப்பான் வைத்திருந்த தோட்ட முதலாளிகள் பயன்படுத்த முடிந்ததே தவிர, மானாவாரி நிலத்தில் கம்பும் சோளமும் பருத்தியும் விதைத்த குடியானவருக்கு இவை எட்டாப் பொருள்களாகவே இருந்தன. ஆகவே பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை அறிந்து, அது எளிதில் அகப்படும் பருவத்தில் அதனைப் பிடிப்பது ஒன்றே வழியாக இருந்தது.

தென்னிந்தியப் பூச்சிகள் நூல்

மெட்ராஸ் அரசின் பூச்சியியலாளராகக் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு பணியாற்றிய காலத்தில் திரட்டிய செய்திகளைப் பிளெட்சர் ஒரே நூலாக்கினார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட பக்கங்களும் வண்ணப் படங்களும் கொண்ட அந்நூலை மெட்ராஸ் அரசு அச்சகம் 1914 இல் வெளியிட்டது. அப்போது அவர் பேரரசுப் பூச்சியியலாளராகப் பூசாவுக்குச் சென்றுவிட்டார். பூச்சிகளுடன் பயிருக்குக் கேடு செய்யும் பிற உயிரினங்களும் நூலில் இடம்பெற்றன. வகைப்பாட்டு வரிசை மட்டுமன்றி, எந்தப் பயிரை எந்தப் பூச்சி தாக்கும் என்று தேடிக் காணும் அமைப்பும் அதில் இருந்தது. வயலில் நின்றுகொண்டு விடை தேடுபவருக்கு இதுவே முதற்பயன் ஆகும்.

ஆனால் நூல் ஆங்கிலத்தில் இருந்தது. 1911 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேரே. உழவருக்கும் நூலுக்கும் இடையில் வேளாண் துறையின் செயல்விளக்க அலுவலர்கள் நின்றனர். அவர்கள் படித்துணர்ந்து, ஊருக்குச் சென்று, பூச்சியைக் கையில் எடுத்துக் காட்டிச் சொன்னால்தான் செய்தி வயலை அடையும். படங்களின் அருமை இங்குதான் விளங்கும். புழுவும் கூட்டுப்புழுவும் அந்துப்பூச்சியும் ஒரே உயிரின் மூன்று நிலைகள் என்பதைச் சொற்களால் விளக்குவதைவிட ஒரு வண்ணப் படத்தால் எளிதில் விளக்க முடிந்தது.

சிவப்புக் கம்பளிப்புழுவை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். நிலக்கடலை, கம்பு முதலிய மானாவாரிப் பயிர்களைக் கூட்டங்கூட்டமாகத் தின்று ஒரே வாரத்தில் வெறும் தண்டாக்கிவிடும் இப்புழு, முழு வளர்ச்சி பெற்றதும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிப் பல மாதங்கள் உறங்கும். நல்ல மழை பெய்து மண் நனைந்ததும் அந்துப்பூச்சிகள் ஏறக்குறைய ஒரே வேளையில் வெளிவரும். அந்தச் சில இரவுகளில் வயலில் தீ மூட்டியோ விளக்கு வைத்தோ அவற்றைக் கவர்ந்து அழிக்கலாம். தவறினால், இலைகளின் அடியில் குவியலாக இடப்படும் முட்டைகளையும் இளம்புழுக்களையும் பொறுக்கலாம். அதுவும் தவறினால், வயலைச் சுற்றிப் பள்ளம் வெட்டிப் படையெடுக்கும் புழுக்களை அதில் வீழ்த்தலாம். ஒவ்வொரு படியிலும் உழைப்பு பன்மடங்காகும். மேலும், ஊரில் ஒருவர் மட்டும் செய்து பயனில்லை, பக்கத்து வயலிலிருந்து பூச்சி பறந்து வந்துவிடும். நெல்லில் கூண்டுப்புழுவுக்கு நீரில் மண்ணெண்ணெய் விட்டுப் பயிரின் மேல் கயிறு இழுத்துப் புழுக்களை உதிர்ப்பதும் அக்கால முறைகளுள் ஒன்றாகும்.

திருநெல்வேலிப் பருத்தியும் தூத்துக்குடியும்

மெட்ராஸ் மாகாணத்தில் பூச்சியியலுக்கு மிகுந்த பண மதிப்பு ஏற்பட்டது பருத்தியால்தான். கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டையபுரம் பகுதிகளின் கரிசல் மண்ணில் வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பி விளைந்த கருங்கண்ணி, உப்பம் பருத்திகள், 1876 இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதை வழியே தூத்துக்குடியை அடைந்து, அங்கு அழுத்திப் பொதியாக்கப்பட்டுக் கப்பலேறின. உலகச் சந்தையில் அப்பருத்திக்குத் திருநெல்வேலியின் பெயரே வணிகப் பெயராக வழங்கியது. முத்துக்குளிப்பு பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே வாய்த்த அக்கடற்கரையில், ஆண்டுதோறும் தவறாமல் வணிகத்தைத் தாங்கிய சரக்குகளுள் பருத்தி முதன்மையானது. கோவில்பட்டியில் 1901 இல் தொடங்கப்பட்ட அரசு வேளாண் பண்ணை (இன்றைய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம்) கரிசல் நிலப் பயிர்களை ஆராய்வதற்கென்றே அமைந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கம்போடியாப் பருத்தி மாகாணத்திற்கு வந்தது. நீண்ட இழையும் மிகுந்த விளைச்சலும் தந்த இப்பருத்தியைப் பாசன வசதி உள்ளோர் விரும்பிப் பயிரிட்டனர். அதனைத் தண்டுக் கூன்வண்டு கடுமையாகத் தாக்கியது. இவ்வண்டின் புழு, தரைமட்டத்தை ஒட்டிய தண்டுக்குள் குடைந்து செல்லும். அவ்விடம் புடைத்து வீங்கிப் பின் காற்றில் செடி ஒடிந்து விழும். மற்றொரு பகை இளஞ்சிவப்புக் காய்ப்புழு. இது விதைக்குள்ளும், பறிக்காமல் விடப்பட்ட காய்களுக்குள்ளும் தங்கி அடுத்த பருவத்திற்குக் காத்திருக்கும். பறிப்பு முடிந்த செடிகளை வயலிலேயே விட்டு இரண்டாம் பறிப்பும் எடுக்கும் வழக்கம் இவ்விரண்டிற்கும் பாலமாக அமைந்தது.

குறித்த நாளுக்குள் பழைய செடிகளைப் பிடுங்கிவிட்டால் பூச்சிக்கு உணவில்லாத இடைவெளி ஒன்று உண்டாகும். இதனை உழவர் அனைவரும் ஒருங்கே செய்தாக வேண்டும். இதற்காகவே 1919 இல் மெட்ராஸ் வேளாண் தீங்குயிர், நோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதற்சட்டம் ஆகும். சட்டத்தின் அறிவியல் அடிப்படை உறுதியானது. ஆயினும் இரண்டாம் பறிப்பில் கிடைக்கும் சிறுதொகையை நம்பியிருந்த ஏழைக் குடியானவருக்கு அது கையில் உள்ள காசை இன்று இழந்து, அடுத்த ஆண்டு வரக்கூடிய விளைச்சலை நம்பச் சொன்னது. ஆய்வாளரின் கணக்கும் உழவரின் கணக்கும் வேறுபட்ட இடம் இது. செடியைப் பிடுங்கச் சொல்வதோடு காரணத்தையும் விளங்கச் சொல்லவேண்டிய கடமை இதனால் துறைக்கு ஏற்பட்டது.

துறைமுகத் தடுப்பு

இத்தாலியிலிருந்து வந்த விதைக் கிழங்குகளுடன் உருளைக்கிழங்கு அந்துப்பூச்சி 1906 அளவில் பம்பாய்ப் பகுதிக்குள் நுழைந்து நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் பருத்தியை அழித்துக்கொண்டிருந்த காய்க் கூன்வண்டும் பஞ்சுப் பொதிகளில் வந்துவிடலாம் என்னும் அச்சமும் இருந்தது. 1914 பிப்ரவரியில் அழிவுசெய் பூச்சிகள், தீங்குயிர்கள் சட்டம் நிறைவேறியது. இதன் விதிகளின்படி கடல்வழியாகச் செடிகள் குறிப்பிட்ட சில துறைமுகங்களில் மட்டுமே, நச்சுப்புகை ஊட்டிய பின் இறக்கப்படலாம். பம்பாய், கல்கத்தா, கராச்சி, மெட்ராஸ், ரங்கூன் ஆகிய பெருந்துறைமுகங்களுடன் நாகப்பட்டினம், தனுஷ்கோடி, தூத்துக்குடி ஆகியவையும் அப்பட்டியலில் இடம்பெற்றன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நாள்தோறும் ஆளும் பொருளும் சென்றுவந்த நிலையில் இது தவிர்க்க இயலாததாகும். இச்சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்ட 2003 ஆம் ஆண்டு ஆணையிலும் தூத்துக்குடி பயிர்த் தொற்றுத்தடுப்பு நிலையமாகத் தொடர்கிறது. அமெரிக்கக் காய்க் கூன்வண்டு இந்தியாவில் இன்றுவரை நிலைகொள்ளவில்லை.

வரவேற்கப்பட்ட பூச்சியும் உண்டு. கரிசல் நிலங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் மூடிக்கிடந்த சப்பாத்திக்கள்ளியை அழிக்க 1926 இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்கு ஒருவகைக் கொச்சினீல் பூச்சி கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளில் கள்ளிக்காடுகள் பெருமளவு அழிந்தன.

பூசாவில்

பேரரசுப் பூச்சியியலாளராகப் பிளெட்சர் செய்த பணிகளுள் பூச்சியியலாளர் மாநாடுகள் குறிப்பிடத்தக்கவை. 1915, 1917, 1919, 1921, 1923 ஆகிய ஆண்டுகளில் பூசாவில் நடந்த இம்மாநாடுகளில் பல மாகாணங்களின் ஆய்வாளர்கள் தத்தம் பகுதிப் பூச்சிகளைப் பற்றிய குறிப்புகளை ஒப்பிட்டனர். மெட்ராஸ் மாகாணத்தின் டி. வி. ராமகிருஷ்ண அய்யரும் இவற்றில் பங்களித்தவர். இந்தியப் பயிர்ப் பூச்சிகளின் குறிப்புரையுடன் கூடிய பெரும்பட்டியலைப் பிளெட்சர் இம்மாநாடுகளின் வழியே உருவாக்கினார். அதே நிலையத்தில் பணியாற்றிய ஹவ்லெட், மெத்தில் யூஜினால் என்னும் பொருள் பழ ஈக்களின் ஆண்களைக் கவர்வதை 1915 இல் வெளியிட்டார். இன்று மாந்தோப்புகளில் தொங்கும் பழ ஈப் பொறிகளின் தொடக்கம் இதுவே.

பிளெட்சர் தம் நேரத்தில் பெரும்பகுதியைப் பெயர்ப்பட்டியல்களிலும் நுண் அந்துப்பூச்சிகளின் வகைப்பாட்டிலும் செலவிட்டார் என்பது ஒரு குறையாகக் கூறப்படலாம். இதில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் உருளைக்கிழங்கு அந்துப்பூச்சியும் இந்நுண் அந்துப்பூச்சி வகையைச் சேர்ந்தவையே. தோற்றத்தில் ஒத்த இரு பூச்சிகளுள் எது பயிரைத் தின்பது, எது களையைத் தின்பது என்று பிரித்தறியாமல் உழவருக்கு அறிவுரை கூற இயலாது. இவ்வகைப் பூச்சிகளின் வாழ்க்கை வரலாறுகளை 1920 இல் தனித் தொகுதியாக வெளியிட்டார். சார்லஸ் இங்லிஸ் என்பாருடன் இணைந்து இந்தியத் தோட்டப் பறவைகளைப் பற்றிய நூல் ஒன்றையும் 1924 இல் எழுதினார்.

இறுதிக்காலம்

1932 இல் ஓய்வு பெற்ற பிளெட்சர், இங்கிலாந்தின் கிளாஸ்டர்சயர் பகுதியில் ஸ்ட்ரவுட் நகரை அடுத்த ராட்பரோ கோட்டையில் குடியேறி, நுண் அந்துப்பூச்சிகளின் ஆய்வைத் தொடர்ந்தார். அவர் நீங்கிய இரண்டாம் ஆண்டில், 1934 சனவரியில் நிகழ்ந்த பீகார் நிலநடுக்கத்தில் பூசா நிலையக் கட்டடம் சிதைந்தது. 1936 இல் நிலையம் தில்லிக்கு மாற்றப்பட்டது.

தென்னிந்தியாவில் அவர் நூலின் இடத்தை 1940 இல் ராமகிருஷ்ண அய்யர் எழுதிய பொருளாதாரப் பூச்சியியல் கையேடு எடுத்துக்கொண்டது. அக்கையேடு வெளிவந்தபோது பிளெட்சர் ராட்பரோவில் உயிருடன் இருந்தார். 1950 ஏப்ரல் 30 அன்று தம் 72 ஆம் அகவையில் காலமானார்.