விண்மீன்களைப் பட்டியலிட்ட பெருமாட்டி

நம் ரொறன்ரோவிற்கு வடக்கே, றிச்மண்ட் ஹில்லிலுள்ள டேவிட் டன்லப் வானாய்வகத்தில் பணியாற்றியவர் ஹெலன் சோயர் ஹொக் அம்மையார். 1905 இல் அமெரிக்காவிற் பிறந்தார். விக்ரோறியா வானாய்வகத்தில், தொடக்கத்தில் ஊதியமின்றிக் கணவரின் உதவியாளராய் இருந்தே ஆய்வை நடத்தினார். கைக்குழந்தை அருகே கூடையில் உறங்கியது. 1935 இல் ரொறன்ரோ வந்தார். கோளக் கொத்துக்களை மீண்டும் மீண்டும் படம்பிடித்து, ஒளி மாறும் மீன்களைக் கண்டறிந்தார். தானே விரிந்து சுருங்கும் மீனையும், துணைமீன் மறைப்பதால் மங்கும் இரட்டை மீனையும் பிரித்தறிய அவ்வொளிமாற்றத்தின் போக்கே துணையாகும். 1939 இல் அவரது முதற் பட்டியல் வெளிவந்தது. 1951 இல் கணவரை இழந்தார். மூன்று பிள்ளைகளின் தாயான அவர் தளரவில்லை. கணவர் எழுதிய நாளிதழ்ப் பத்தியை 1981 வரை தொடர்ந்தார். 1993 இல் மறைந்தார். மாணவச் செல்வங்களே, அவர் நோக்கிய வானமே நம் தலைக்கு மேலும் விரிந்துள்ளது!